வீட்டில் கட்டும் ஆம்பிளிஃபையருக்கு எவ்வளவு ஹீட்சிங்க்? – கேள்வி பதில்

கேள்வி: எல்எம் 3886 என்ற ஆம்பிளிஃபையர் ஐசி (சிப்) இரண்டைக் கொண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களுக்கு ஸ்டீரியோ ஆம்பிளிஃபையர் கட்டுகிறேன். சப்ளை பிளஸ் மைனஸ் 28 வோல்ட். எவ்வளவு பெரிய ஹீட்சிங்க் (ஐசியின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துடுப்புத் தகடு) வாங்க வேண்டும்?

பதில்: ஹீட்சிங்கைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்காமல், ஐசி வெளிவிடும் வெப்பத்தை முதலில் கணக்கிடுங்கள். இந்த ஐசி போன்ற ஏபி வகை ஆம்பிளிஃபையர் மிக அதிகமாகச் சூடாவது முழுத் திறனில் அன்று, அதில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் தரும்போதுதான். மொத்த சப்ளையான 56-ஐ 56-ஆல் பெருக்கி, அதை ஸ்பீக்கர் ஓமின் சுமார் 20 மடங்கால், அதாவது 160-ஆல் வகுத்தால் 20 வாட் வரும். பாட்டே இல்லாதபோதும் ஐசி எடுக்கும் 3 வாட்டையும் சேர்த்தால் 23. பெட்டிக்குள் 45 டிகிரி என்றும், ஐசிக்குள் இருக்கும் சிலிக்கான் 125 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றும் வைத்துக்கொண்டால், இடையிலுள்ள 80 டிகிரியை 23-ஆல் வகுக்க, வாட்டுக்கு 3.5 டிகிரி கிடைக்கிறது; அதாவது ஒவ்வொரு வாட் வெப்பத்துக்கும் சூடு அவ்வளவுதான் ஏறலாம். அதில் ஐசிக்குள்ளே 1 டிகிரியும், ஐசிக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே வைக்கும், மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா தகட்டிலும் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்டிலுமாக அரை டிகிரியும் போக, ஹீட்சிங்குக்கு எஞ்சுவது 2 டிகிரி. இரண்டு ஐசியும் ஒரே ஹீட்சிங்கில் என்றால் 1 டிகிரி. இந்த எண் குறையக் குறைய ஹீட்சிங்க் பெரிதாகும். பிற்பாடு 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டும் எண்ணம் இருந்தால், ஹீட்சிங்கைப் பெரிதாக்குவதைவிட சப்ளையைப் பிளஸ் மைனஸ் 20 வோல்ட்டாகக் குறைப்பதையே நான் பரிந்துரைப்பேன். வெப்பம் பழைய அளவிலேயே நிற்கும்.

கேள்வி: மைக்கா வைத்தும் ஃபியூஸ் போகிறது. ஏன்?

பதில்: உலோக முதுகு கொண்ட எல்எம் 3886-இல் அந்த முதுகு மைனஸ் சப்ளையோடு இணைந்திருக்கிறது. பெட்டியோடு எர்த் ஆன ஹீட்சிங்கை அது தொட்டால் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும். ஹீட்சிங்கில் துளையிட்ட இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். டிரில் விட்டுச்சென்ற பிசிறு மைக்காவைக் குத்திக் கிழித்திருக்கலாம். பெரிய டிரில் பிட்டைக் கையால் சுழற்றி அதை வழித்தெடுத்து, புதிய மைக்கா வைத்து, திருகுக்குப் பிளாஸ்டிக் புஷ் (திருகு உலோகத்தைத் தொடாமல் காக்கும் வளையம்) போட்டு, பவர் கொடுக்கும் முன் ஐசியின் முதுகுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே மல்டிமீட்டர் பீப் ஒலி எழுப்பவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும். அப்பிப் பூசினால் வெப்பம் கடப்பது தடைபடும்.

கேள்வி: ஃபேன் கட்டாயமா?

பதில்: கணக்குக்கு ஏற்ற ஹீட்சிங்கைப் பெட்டிக்கு வெளியே, துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி மாட்டினால் தேவையில்லை. உள்ளேதான் வைக்க வேண்டுமென்றால் அடியிலும் மேலும் காற்றுத் துளைகள் விட்டு, 12 வோல்ட் ஃபேனை 7 வோல்ட்டில் ஓட்டுங்கள்; இரைச்சல் வெகுவாகக் குறையும்.