தாடையில் 'டக்' சத்தம்: ஆபரேஷன் வரை போகுமா?

கேள்வி: என் வயது 34. பனியன் கம்பெனியில் தையல் வேலை. நான்கு மாதமாக வலது காதுக்கு முன்னால் வலி. வாயைத் திறந்தால் 'டக்'கென்று சத்தம் கேட்கிறது. காலையில் எழும்போது தாடை இறுகிக் கிடக்கிறது. சப்பாத்தி மென்றால் நெற்றிப்பொட்டு வரை வலிக்கிறது. காதில் கோளாறு இல்லை என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். மூட்டு தேய்ந்திருக்கும், ஆபரேஷன்தான் என்கிறார்கள் தெரிந்தவர்கள். உண்மையா? (வாசகி, திருப்பூர்)

பதில்: ஆபரேஷன் பயத்தை முதலில் விடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தாடை மூட்டும் மெல்லும் தசைகளும் ஓய்வில்லாமல் தவிப்பதாகத்தான் தெரிகிறது. இந்த வலி பெரும்பாலானோருக்குக் கத்தி படாமலே குணமாகிவிடும்.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், ஒரு குமிழ் நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. அந்தக் குமிழுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மெல்லிய வட்டு ஒன்று இருக்கிறது. அது முன்னால் நழுவியிருந்து, வாய் திறக்கும்போது தன் இடத்துக்கு வருகையில் 'டக்' என்கிறது. வலியில்லாமல் சத்தம் மட்டும் உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு வைத்தியமே வேண்டாம். 'இன்னும் சத்தம் வருகிறதா' என்று அடிக்கடி திறந்து பார்ப்பதைத்தான் நீங்கள் நிறுத்த வேண்டும்.

காலையில் இறுக்கம் என்றால், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்று சந்தேகப்படலாம். பகலிலும் குனிந்து தைக்கும்போது பல்லை இறுக்கிக்கொள்கிறீர்களா, நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறீர்களா என்று கவனியுங்கள். தையல் வேலை செய்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். நூலுக்கு டிரிம்மர் இருக்கட்டும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொட்டால் போதும். மற்ற நேரமெல்லாம் உதடு மூடி, பல் விலகி, நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் மெல்லத் தொட்டபடி இருக்கட்டும். மெஷினில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவையுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் பல் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரையைவிட இதைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன்.

இரண்டு மூன்று வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் என்று மிருதுவானதாகச் சாப்பிடுங்கள். முறுக்கு, கடலைமிட்டாய், சூயிங்கம் வேண்டாம். கொட்டாவி வந்தால் தாடைக்கடியில் கையை முட்டுக்கொடுங்கள். காலையும் இரவும் கால் மணி நேரம் வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுத்து, பிறகு வலிக்காத அளவுக்கு வாயை மெதுவாகச் சில முறை திறந்து மூடுங்கள்.

வலி மாத்திரை சில நாளுக்கு உதவும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக்கொதிப்பு இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

ஒரு மாதத்தில் குறையாவிட்டால் பல் மருத்துவரைப் பாருங்கள். அளவெடுத்துச் செய்த நைட் கார்டு (தூங்கும்போது பல்மேல் மாட்டிக்கொள்ளும் உறை) இரவில் பற்களைக் காக்கும்; சிலருக்கு வலியும் குறையும். வலி போக வேண்டுமென்று பல்லைத் தேய்த்துச் சரிசெய்யலாம், கிளிப் போடலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். தேய்த்த பல் திரும்ப வராது.

உங்கள் மூன்று விரலை நெட்டாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, வாய் திடீரென்று பூட்டிக்கொண்டாலோ, கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ மாதக்கணக்கு வேண்டாம், உடனே போங்கள். பாக்கு, பான் மசாலா போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு வாய் திறப்பு குறைந்து, காரம் பட்டால் எரிந்தால் அது வேறு நோய், புற்றுநோயாக மாறக்கூடியது.

வீட்டுப் பெரியவர்களுக்காகவும் ஒன்று. 50 வயதுக்கு மேல் மெல்லும்போது தாடை வலியோடு புதிதாக நெற்றிப்பொட்டுத் தலைவலி வந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். நடக்கும்போது தாடை வலித்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் அது இதயமாக இருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.