'ஆய்வாளர்' என்றால் இன்ஸ்பெக்டரா?

கேள்வி: முனைவர் பட்டத்துக்காகக் கிராமத்துக் கடைகளில் தகவல் திரட்டுகிறேன். ஒரு மளிகைக் கடையில் 'நான் ஆய்வாளர்' என்றதும், கடைக்காரர் பதறிப்போய் எடைக்கற்களை எடுத்துக் காட்டினார். ஆய்வாளர், ஆராய்ச்சியாளர் இரண்டில் எது சரி? ஆய்வேட்டில் எதைப் போடுவது?

பதில்: கடைக்காரர் மேல் தப்பே இல்லை. எடைக்கல்லைச் சோதிக்க வரும் அதிகாரிக்குத் தமிழ்நாட்டில் முத்திரை ஆய்வாளர் என்றுதான் பெயர். காவல் ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், சுகாதார ஆய்வாளர் என்று இன்னும் ஒரு படையே இருக்கிறது. இலங்கையில் இந்தச் சிக்கல் வராது. அங்கே இன்ஸ்பெக்டர் என்றால் பரிசோதகர்.

சொல்லின் வேர் 'ஆய்'. அதன் பொருளை அடுப்படியிலேயே பார்க்கலாம். கீரை ஆய்கிறோம், பழுத்த இலை, புல், மண் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நல்லதை மட்டும் எடுக்கிறோம். தொல்காப்பியத்தில் சொற்பொருள் சொல்லும் பகுதியான உரியியல் ஆய்தலுக்கு 'உள்ளதன் நுணுக்கம்', அதாவது இருப்பது நுணுகுவது, என்று பொருள் சொல்கிறது. நட்பாராய்தல் அதிகாரத்தில் வள்ளுவர் 'ஆய்ந்தாய்ந்து கொள்ளாதான் கேண்மை' (792) என்கிறார். ஒருமுறை பார்த்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார் என்கிறார். 'ரிசர்ச்' என்றால் மறுபடி தேடுவது என்று மேடையில் விளக்குவார்கள். அங்கே 'ரி' வெறும் அழுத்தத்துக்காக வந்தது. குறளில்தான் உண்மையாகவே இரண்டு தடவை ஆய்கிறார்கள்!

'ஆராய்ச்சி'யிலும் இதே 'ஆய்' இருக்கிறது. மனுநீதிச் சோழன் கதையில் பசு அடித்தது ஆராய்ச்சி மணி; அங்கே ஆராய்ச்சி என்பது முறையீட்டை விசாரிப்பது. ஆக, அதிகாரியின் விசாரணையும் அறிஞரின் தேடலும் இந்தச் சொற்களில் ஒட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. யாரோ கெடுத்த வழக்கு என்று கோபப்பட வேண்டாம்.

இரண்டும் சரியான சொற்கள்தான். ஆய்வு + ஆளர், ஆராய்ச்சி + ஆளர். எழுத்தாளர், தொழிலாளர் போல. ஆண், பெண் இருவருக்கும் பொது என்பதால் தனியாகப் பெண்பால் தேட வேண்டியதில்லை. 1966-இல் கோலாலம்பூரில் நடந்த முதல் மாநாட்டுக்கு உலகத் தமிழாராய்ச்சி மாநாடு என்று பெயர். இன்றைய பல்கலைக்கழக வழக்கிலோ ஆய்வு என்ற குறுகிய வடிவம்தான் கூட்டுச் சொற்களுக்கு வாகாக இருக்கிறது: ஆய்வேடு, ஆய்வுக் களம், ஆய்வு நெறியாளர். அதனால் ஆய்வேட்டின் முகப்பில் 'முனைவர் பட்ட ஆய்வாளர்' என்றே போடுங்கள். முன்னொட்டு இருந்தால் குழப்பம் வராது. பொதுமக்கள் படிக்கும் பத்திரிகைக் கட்டுரை என்றால் என் கை 'ஆராய்ச்சியாளர்' பக்கம்தான் போகும்.

களத்தில் இரண்டுமே வேண்டாம். 'என்ன பெரிய ஆராய்ச்சி?' என்று நக்கலாகக் கேட்கும் ஊர் நம்முடையது. 'காலேஜ்ல படிக்கிறேங்கண்ணே, கடைகளைப் பத்தி எழுதணும், கொஞ்சம் பேசலாமா?' என்று ஆரம்பியுங்கள். அடையாள அட்டையைக் கேட்டால் மட்டும் காட்டுங்கள். அதில் 'ஆய்வாளர்' என்று அச்சடித்திருந்தால் பல்கலைக்கழகத்தின் பெயர்மேல் விரலை வைத்துக் காட்டுங்கள்.