பழைய ஹோண்டா சிட்டி விடெக் காரில் டர்போ கிட் பொருத்தி டிராக் பந்தயம் ஓட்டலாமா?

அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லும் 2002ஆம் ஆண்டு சிட்டி விடெக் காரில் டர்போ கிட் (எக்ஸாஸ்ட் வாயுவின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவும் அதன் குழாய்களும்) பொருத்தி, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் டிராக் பந்தயத்தில் (drag race, 402 மீட்டர் நேர்கோட்டு ஓட்டம்) கலந்துகொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருத்தலாம்; ஆனால் அதன் பிறகு அந்தக் காரில் அலுவலகம் செல்லக் கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். என்னிடம் இருப்பதும் இதே கார்தான். பந்தயத் தளத்துக்கு அதை வேறொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டு செல்கிறேன்.

கிட் வாங்குவோர் பெரும்பாலும் டர்போவின் அளவைப் பற்றியும் பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) எத்தனை பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) என்பதைப் பற்றியுமே பேசுகிறார்கள். எஞ்சின் பிழைப்பதும் உடைவதும் பெட்ரோலின் அளவிலும் தீப்பொறி விழும் நேரத்திலும்தான் இருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ.; அதன்மேல் 7 பி.எஸ்.ஐ. பூஸ்ட் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகிறது. அதே விகிதத்தில் பெட்ரோலும் போக வேண்டும். டர்போ இல்லாமல் ஓடுவதற்கென்று வடிவமைக்கப்பட்ட இந்த எஞ்சினில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு) ஏற்கெனவே அதிகம் என்பதால், அழுத்தப்பட்டுச் சூடான காற்றில் பெட்ரோல் சிறிது குறைந்தாலும், தீச்சுடர் வந்து சேருமுன் கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. இதைத்தான் நாக்கிங் என்கிறோம்.

முதல் முறை நான் செய்த தவறு இதுதான். கம்பெனி ஈ.சி.யூ.வையும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கம்பெனி இன்ஜெக்டர்களையும் (பெட்ரோலைத் தெளிப்பவை) மாற்றத் தேவையில்லை, பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் கூட்டினால் போதும் என்று பணிமனையில் சொன்னதை நம்பினேன். மூன்றாவது கியரில் 6,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டும்போது, புட்டிக்குள் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் கேட்டது. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினேன். சில நாட்களில் எக்ஸாஸ்டில் நீலப் புகை வந்தது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது, வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகளும், அவற்றினூடே மின்னும் அலுமினியத் துகள்களும் இருந்தன. எஞ்சினைப் பிரித்தபோது மூன்றாம் பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவிலுள்ள விளிம்பு விரல் நகமளவு உடைந்திருந்தது.

இரண்டாம் முறை செலவின் பெரும்பகுதியை டர்போவுக்கு வெளியே செய்தேன். தனி ஈ.சி.யூ., பெரிய பெட்ரோல் பம்ப், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், காற்று–பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் ஆகியவை வேண்டும். ஏறத்தாழ 150 குதிரைசக்திக்கு ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்குக் குறைந்தது 300 சி.சி. தர வேண்டும், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதற்கும் மேல். பூஸ்ட் ஏறியிருக்கும்போது காற்று–பெட்ரோல் விகிதம் 11.5-ஐ ஒட்டியே இருக்குமாறு டைனோவில் (எஞ்சினின் சக்தியை அளக்கும் கருவி) டியூன் செய்தோம். ஒவ்வொரு பி.எஸ்.ஐ. பூஸ்டுக்கும் தீப்பொறி நேரத்தை ஒரு டிகிரி பின்னுக்குத் தள்ளி ஆரம்பித்தோம். பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வான வேஸ்ட்கேட்டைச் சரிசெய்து, பூஸ்டை முதலில் 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் போக விடாதீர்கள். பந்தய நாளில் இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினால், நாக்கிங் வராமல் இருக்கக் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்.

கிட்டுடன் வரும் குழாய்களில் ஆயில் திரும்பும் குழாயைத்தான் நான் முதலில் பார்ப்பேன். டர்போவிலிருந்து, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு ஆயில் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. குழாய் வழியில் எங்கேனும் தொய்ந்து மேலேறினால் ஆயில் தேங்கி, டர்போவின் சீலைத் தாண்டிக் கசிந்து புகையாக வெளிவரும். டர்போவே பழுதாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்களை நான் அறிவேன்.

402 மீட்டர் ஓட்டத்தின் நேரத்தை முதல் 18 மீட்டர் பெரிதும் தீர்மானிக்கிறது. இது முன்சக்கரங்கள் இழுக்கும் கார். புறப்படும்போது எடை பின்னுக்குச் சாய்வதால் முன் டயர்கள் சுழன்றுகொண்டு நிற்கும். ஆகையால் வலுவான கிளட்ச், மென்மையான டயர்கள் ஆகியவற்றுக்குப் பிறகே பூஸ்டைக் கூட்டுவதில் பொருள் உண்டு.

உங்கள் எஞ்சினுக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. எதையும் வாங்குமுன், எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் சோதனை செய்து அந்த எண்களை எழுதுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால், கிட்டுக்கு வைத்திருக்கும் பணம் முதலில் எஞ்சினுக்குத்தான் போக வேண்டும்.