காய்ச்சல் செய்தியும் கைக்காசும்: வாசகர் கேள்வி – பதில்

தொற்றுநோய்ச் செய்தி ஒன்று பரவியதும் பங்குச் சந்தையிலும் பலசரக்குக் கடையிலும் ஏற்படும் பதற்றம் குறித்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இவ்விதழில் ஒன்றாகச் சேர்த்துள்ளோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லடி: 2021ஆம் ஆண்டின் இறுதியில், பணிக்கொடையில் ஒரு பகுதியை மகனின் பேச்சைக் கேட்டுக் கொழும்புப் பங்குச் சந்தையில் இட்டேன். புதிய நோய் என்று எங்காவது செய்தி வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அப்படியான வேளையில் உடனே விற்றுவிடுவதா, பொறுத்திருப்பதா?

ஐயா, விற்பதா பொறுப்பதா என்று முடிவெடுக்குமுன், அந்தப் பணம் உங்களுக்கு எப்போது தேவைப்படும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபின் கொழும்புப் பங்குச் சந்தை ஏழு வாரங்களுக்கு மேல் மூடிக்கிடந்தது. அந்நாட்களில் விற்கத் துடித்தவராலும் விற்க முடியவில்லை; மலிவாக வாங்கக் காத்திருந்தவராலும் வாங்க முடியவில்லை. மே 11ஆம் திகதி சந்தை திறந்தபோது, அதுவரை தேங்கியிருந்த விற்பனைக் கட்டளைகள் ஒரேயடியாக வந்து குவிந்ததால், பெரிய இருபது கம்பனிகளின் விலைகளைக் கொண்டு கணிக்கப்படும் எஸ் அன்ட் பி எஸ்எல்20 சுட்டெண் சில நிமிடங்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் சரிந்து, அன்றைய வியாபாரம் அத்துடன் நிறுத்தப்பட்டது. அச்சுட்டெண் 5 சதவீதம் வீழ்ந்தால் அரை மணி நேரத்துக்கும், 10 சதவீதம் வீழ்ந்தால் அன்றைய நாள் முடியும் வரைக்கும் வியாபாரத்தை நிறுத்துவது விதி. பதறுவோருக்கு மூச்சுவிட அவகாசம் தரும் நல்ல ஏற்பாடுதான் அது. எனினும், மறுநாள் வைத்தியசாலைக் கட்டணம் செலுத்த அந்தப் பங்குகளையே நம்பியிருந்த ஒருவருக்கு அதனால் எந்தப் பயனும் இருக்கவில்லை.

இனி, பொறுத்திருந்தவர்களின் கதையைப் பாருங்கள். அமெரிக்காவின் எஸ் அன்ட் பி 500 சுட்டெண் 2020 பெப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரையான ஐந்து வாரங்களுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்தது. ஆனால் ஓகஸ்ட் மாதத்தில் பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. நமது அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2019 முடிவில் 6,129 ஆக இருந்து, 2020 மே மாதத்தில் 4,300க்கும் கீழே இறங்கி, அவ்வாண்டு முடிவில் 6,774க்கு ஏறியது. நோய் ஓய்ந்துவிட்டதனால் ஏறியது என்று எண்ணிவிட வேண்டாம். அக்கரைப்பற்றில் கடைத்தெரு முடங்கிக் கிடந்த காலம் அது. மத்திய வங்கி, வங்கிகள் தன்னிடம் வைக்கும் பணத்துக்குக் கொடுக்கும் துணைநில் வைப்பு வட்டி வீதத்தை 2020 ஜூலையில் 4.5 சதவீதத்துக்குக் குறைத்ததால், வங்கியில் நிலையான வைப்பு வைத்திருந்தவர்களின் வட்டி வருமானம் சுருங்கியது. சுருங்கிய வருமானத்தை ஈடுசெய்ய வழி தேடிய பணம் பங்குச் சந்தைக்குள் புகுந்தது. உங்கள் மகன் அந்தப் பேச்சைப் பேசியதும் இந்தச் சூழலில்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே நீங்கள் அஞ்ச வேண்டிய இடம் வேறு. 2021 முடிவில் 12,226 ஆக நின்ற நமது அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2022 முடிவில் 8,500க்கும் கீழே வந்துவிட்டது. அந்த வீழ்ச்சியைக் கொண்டுவந்தது கிருமியல்ல. அந்நியச் செலாவணி வற்றியதும், நாடு கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதும், வட்டி வீதங்கள் திடீரென உயர்ந்ததும் அதற்குக் காரணங்கள். 2022 ஏப்ரலில் ஒரு வார காலம் சந்தையையே மூடிவைத்தார்கள். இதற்கு மாறாக, 2025 ஜனவரி 6ஆம் திகதி எச்எம்பிவி என்ற சுவாச நோய்க் கிருமி இந்தியாவில் கண்டறியப்பட்டதாகச் செய்தி வந்த நாளில் மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் சுட்டெண் 1,200 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. அக்கிருமியோ 2001ஆம் ஆண்டிலிருந்தே விஞ்ஞானிகள் அறிந்த பழைய கிருமி. சில நாட்களில் அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. நோயின் பெயர் புதிதாக இருப்பதாலேயே நோயும் புதிதாகிவிடாது.

என் ஆலோசனை இதுதான்: இரண்டு ஆண்டுகளுக்குள் மருத்துவத்துக்கோ, வீட்டுத் திருத்தத்துக்கோ, பேரப்பிள்ளையின் படிப்புக்கோ தேவைப்படக்கூடிய தொகையைக் கணக்கிட்டு, அந்தளவுக்குரிய பங்குகளை அமைதியான ஒரு நாளில் விற்று வங்கியில் வைத்துவிடுங்கள். உரிமம் பெற்ற வங்கியொன்றில் ஒருவருடைய வைப்புக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. எஞ்சியதைப் பற்றிச் செய்தி கேட்டு முடிவெடுக்க வேண்டாம். அந்தக் கம்பனி இலாபம் ஈட்டுகிறதா, கடனில் மூழ்குகிறதா என்று அதன் காலாண்டு அறிக்கையைப் பார்த்து முடிவெடுங்கள். வங்கி வைப்புக்கு ஆபத்தே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது, வைப்பிலிருந்த தொகை அப்படியே இருந்தும் அது வாங்கக்கூடிய அரிசியின் அளவு குறைந்தது.

பலசரக்குக் கடை உரிமையாளர், அக்கரைப்பற்று: 2020 நவம்பரில் எங்கள் பகுதி தனிமைப்படுத்தப்பட்டபோது கடையை வெறுமையாக்கிவிட்டுத்தான் சனம் ஓய்ந்தது. மீண்டும் அப்படி வந்தால் விலையைக் கூட்டுவது குற்றமா? அரசு கட்டுப்பாட்டு விலை போட்டால் நட்டத்துக்கு விற்பது எப்படி?

உங்கள் கோபம் நியாயமானது. 2020 மார்ச் 17ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, பருப்பின் உச்ச விலை கிலோவுக்கு 65 ரூபா என்றும் ரின் மீனின் விலை 100 ரூபா என்றும் அறிவித்தார். மொத்த வியாபாரியிடம் அதைவிடக் கூடிய விலைக்கு வாங்கி அடுக்கியிருந்த சிறு கடைக்காரர்கள் அதனால் திண்டாடினார்கள். மலிவு என்று கேள்விப்பட்ட சனமோ தேவைக்கு மேல் வாங்கியது. சில நாட்களில் அவ்விரண்டு பொருட்களும் பல கடைகளில் இல்லாமற்போயின. ஏப்ரல் முடிவில் அரசே அந்த உச்ச விலைகளை நீக்கிக்கொண்டது. பதற்றமான வேளையில் விலையைக் கீழே இழுத்தால் பொருள் முதலில் சென்று சேர்வது, கையில் மொத்தமாகப் பணம் வைத்திருப்பவரிடம்தான். நாட்கூலிக்குச் செல்பவர் மாலையில் கூலியுடன் வரும்போது தட்டு காலியாக இருக்கும். அரசின் நோக்கம் நல்லதாயிருக்கலாம். அந்த முறையை நான் ஆதரிக்கவில்லை.

ஆனால் சட்டம் சட்டமே. வர்த்தமானியில் உச்ச விலை வந்துவிட்டால் அதற்கு மேல் விற்பது குற்றம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கடையில் பொருளை வைத்துக்கொண்டு விற்க மறுப்பதும், இருந்தும் இல்லை என்று சொல்வதும், வழமையான வியாபாரத் தேவைக்கு மேல் பதுக்குவதும் குற்றங்களாகும். உச்ச விலை இல்லாத பொருளுக்கு நீங்கள் விலையைக் கூட்டலாம்; ஆனால் கூட்டிய விலையை எல்லோரும் பார்க்க எழுதி வைக்க வேண்டும். அடுத்த லொறி கூடிய விலைக்கு வரும் என்று தெரிந்தால் ஓரளவு கூட்டுவதில் நான் பிழை காணமாட்டேன். நேற்று வாங்கிய பழைய இருப்பை இன்று இரு மடங்குக்கு விற்றால், நோய் போனபின்பும் ஊர் அதை மறக்காது.

இதில் விலையைவிட அளவே கூடுதலாகக் கைகொடுக்கும். ஓர் ஆளுக்கு ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ சீனி, ஒரு பைக்கற் பால்மா என்று வாசலில் எழுதி, உறவினர், அயலவர், அதிகாரி என்று பாராமல் எல்லோருக்கும் ஒரே அளவைக் கொடுங்கள். காலையில் ஒரு பகுதியும் மாலையில் ஒரு பகுதியும் விற்கப்படும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இப்படிப் பிரித்து விற்பதில் சட்டச் சிக்கல் வருமா என்ற ஐயம் இருந்தால், மாவட்டச் செயலகத்தில் இயங்கும் அதிகார சபை அலுவலகத்தில் முதலே கேட்டுக்கொள்வது நல்லது. கடன் கொப்பியில் பெயருள்ள வாடிக்கையாளரை அந்த வேளையில் திருப்பி அனுப்ப வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். பிள்ளையின் பால்மாவுக்காக வந்து நிற்பவரிடம் பழைய பாக்கியைக் கேட்கும் நேரம் அதுவல்ல.

குடும்பத் தலைவி, களுவாஞ்சிக்குடி: மஞ்சளுக்கு நாங்கள் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது. எதை, எவ்வளவு சேர்த்து வைப்பது?

மஞ்சள் விடயத்தில் இரண்டு காரணங்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. உள்ளூர் விவசாயத்தை ஊக்குவிப்பதாகக் கூறி 2019 இறுதியில் அரசு மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அடுத்த சில மாதங்களில் நோய் வந்தது. மஞ்சள் நீர் கிருமியை அழிக்கும் என்று எண்ணி வீட்டு வாசல்களிலும் வீதிகளிலும் அதைத் தெளித்தார்கள். 750 ரூபா என்று உச்ச விலை விதிக்கப்பட்டும், ஒரு கிலோ சில ஆயிரம் ரூபா வரை சென்றது. இந்தியாவிலிருந்து படகுகளில் கடத்தி வந்த மஞ்சளைக் கடற்படை பிடித்தது. கறிக்கு ஒரு சிட்டிகை போதும் என்றிருந்த பொருளை வாளி வாளியாகக் கரைத்து வீதியில் ஊற்றியது நாமேதான்.

சேர்த்து வைப்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. மாரியில் வெள்ளம் வீதியை மறித்துவிடும் என்பதால், ஐப்பசி பிறக்குமுன்பே அரிசி, பருப்பு, கருவாடு, தேங்காய் எல்லாவற்றையும் ஒதுக்கி வைப்பது நம் வீடுகளின் வழக்கம். அதே அளவை, அதாவது இரண்டு வாரத்துக்குரிய உலர் உணவை, ஆண்டு முழுவதும் சுழற்சியாக வைத்திருங்கள். பழையதைச் சமைத்துப் புதியதை அடியில் வையுங்கள். செய்தி வந்த அன்று கடைக்கு ஓட வேண்டிய தேவை உங்களுக்கு இராது. நீங்கள் ஓடாதபடியால் கடையில் ஒருவருக்காவது பொருள் மிஞ்சும். வரிசையைக் கண்டால் காரணம் கேளாமல் அதில் நிற்பது 2022இல் எரிபொருளுக்கு நாம் பழகிக்கொண்ட பழக்கம், அதைக் கடைக்கும் கொண்டுவர வேண்டாம்.

உணவைவிட மருந்தை முதலில் பாருங்கள். வீட்டில் நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர் இருந்தால், கையிருப்பு தீருமுன்பே கிளினிக்குக்குச் சென்று அடுத்த மாதத்துக்குரியதைப் பெற்றுவிடுங்கள். 2020இல் தபால் மூலம் வீடுகளுக்கு மருந்து அனுப்பப்பட்டதற்குக் காரணம், ஊரடங்கில் கிளினிக்குக்குச் செல்ல முடியாமல் பலர் தவித்ததுதான்.

நெல் விவசாயி, சம்மாந்துறை: வெட்டிய நெல் களத்தில் கிடக்க, அரிசிக்கு எங்கள் ஊரில் வரிசை நின்றது ஏன்?

2020 மார்ச் என்பது பெரும்போக அறுவடைக் காலம். அம்பாறை மாவட்டத்தில் நெல்லுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. ஆனால் நம் நெல்லில் பெரும்பகுதி பொலன்னறுவையின் பெரிய ஆலைகளுக்குச் சென்று அரிசியாகி, பையிலிடப்பட்டு, நமக்கே திரும்பி வருகிறது. வீதி மூடப்பட்டால் இரு பக்கப் பயணமும் நிற்கும். ஊரிலுள்ள சிறிய ஆலைகளில் குத்திக்கொண்டவர்கள் அந்நாட்களில் வரிசையில் நிற்கவில்லை. வீட்டுத் தேவைக்குரிய நெல்லை விற்காமல் வைத்திருக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டவர்கள் அதை மீண்டும் யோசிக்கலாம்.

மீன் வியாபாரி, வாழைச்சேனை: பேலியகொடை மீன் சந்தையிலிருந்து கொரோனா பரவிய கொத்தணி வந்த காலத்தில் மீனைத் தொடவே ஆட்கள் அஞ்சினார்கள். அவ்வாறு மீண்டும் நேர்ந்தால்?

பதற்றத்தில் வாங்குவதைப் போலவே, பதற்றத்தில் வாங்காமல் விடுவதும் உண்டு. 2020 நவம்பரில் முன்னாள் அமைச்சர் ஒருவர் ஊடகவியலாளர்கள் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டவேண்டிய நிலை வந்தது. தொற்றியது சந்தையில் நெருக்கமாக நின்ற மனிதரிடமிருந்து மனிதருக்கு. சமைத்த மீனால் எவருக்கும் வராது. இதை வாடிக்கையாளருக்கு விளக்கும் வேலையை உங்கள் பகுதிப் பொது சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு செய்விப்பதே சிறந்தது. விற்பவர் சொன்னால் நம்பமாட்டார்கள். விற்காத மீனைக் கருவாடாக்கலாம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் அந்தக் கொத்தணி வந்தது மாரி தொடங்கும் வேளையில். வெயில் இல்லாமல் எதைக் காயவைப்பது? ஐஸ் வசதியைச் சங்கத்தினூடாகப் பகிர்ந்துகொள்வதும், கொழும்பு லொறியை மட்டும் நம்பாமல் உள்ளூர் வீடுகளுக்குச் சைக்கிளில் கொண்டுசென்று விற்பதும் கைகொடுக்கும்.

மாணவர், வந்தாறுமூலை: நோய்க் காலத்தில் ஏறக்கூடிய பங்குகளை முன்கூட்டியே வாங்கினால் என்ன?

உங்களுக்கு முன்பே பலர் அதை எண்ணிவிட்டார்கள் என்பதே பிரச்சினை. கப்பல், விமானச் சரக்குக் கட்டணங்கள் உலகெங்கும் உயர்ந்ததால் சரக்குப் போக்குவரத்து நிறுவனமான எக்ஸ்போலங்காவின் பங்கு விலை, 2020இல் சில ரூபாய்களாக இருந்து, 2022 ஜனவரியில் 400 ரூபா அளவுக்குச் சென்றது. அந்தக் கதையை எல்லோரும் அறிந்தது அது உச்சிக்குப் போனபின்பு. அடுத்த சில மாதங்களில் அதன் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. கற்பதற்காகச் சிறு தொகையுடன் தொடங்குவதில் தவறில்லை. கடன் வாங்கியோ, உங்கள் அடுத்த தவணைச் செலவுக்கு வீட்டார் அனுப்பிய பணத்தைக் கொண்டோ தொடங்க வேண்டாம்.

வாசகர், கல்முனை: வாட்ஸ்அப் குழுவொன்றில் “இந்த நோயால் இன்ன பங்கு நாளை இரு மடங்காகும்” என்று அனுப்புகிறார்கள். நம்பலாமா?

நம்பக்கூடாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உரிமம் பெற்ற தரகர்களின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் உள்ளது. அனுப்புபவரின் நிறுவனம் அதில் இல்லையெனில் குழுவை விட்டு வெளியேறுங்கள். பணத்தைத் தனிநபர் கணக்குக்கு இடச் சொன்னால் அன்றே பொலிஸில் முறையிடுங்கள்.