சூடு மட்டும் போதாது

கேள்வி: சூடான பொருள் எதுவாயினும் கதிர் வீசத்தான் செய்யும். சூரியனிலிருந்து வரும் ரேடியோ வெடிப்புகளும் அப்படித்தானே? பிளாஸ்மாவில் (எலெக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த வாயுவில்) எழும் அலைகள் ஒன்றோடொன்று வினைபுரிவதால் அவை பிறக்கின்றன என்று போன இதழில் எழுதி எங்களை ஏன் சுற்றவிடுகிறீர்கள்?

பதில்: கணக்கைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டிருக்கலாம். அமைதியான சூரியனைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவின் வெப்பநிலை 10 முதல் 20 லட்சம் கெல்வின்தான். வானியலாளர்கள் மூன்றாம் வகை என்றழைக்கும் ரேடியோ வெடிப்பு ஒன்றின் பிரகாசத்துக்கு வெப்பத்தை மட்டும் காரணம் காட்டினால் லட்சம் கோடி கெல்வின்கூடத் தேவைப்படும். அவ்வளவு சூட்டுக்கு அங்கே எங்கே போவது?

சூரியத் தீப்பிழம்பின்போது, ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்தோடு எலெக்ட்ரான் கற்றை வெளியே பாய்கிறது. வேகமானவை மெதுவானவற்றை முந்திக்கொண்டு ஓரிடத்தில் மிகுந்துவிட, அந்த மிகை ஆற்றலை வாங்கி லாங்மியூர் அலைகள் வளர்கின்றன. இவை எலெக்ட்ரான்களின் முன்பின் ஊசலாட்டம் என்பதால், எவ்வளவு வலுத்தாலும் பிளாஸ்மாவை விட்டு வெளியேற இயலாது.

நீங்கள் சலித்துக்கொண்ட அலைவினை தேவைப்படுவது இந்த இடத்தில்தான். ஒரு லாங்மியூர் அலை, அயனிகளில் ஒலிபோலப் பரவும் அடர்த்தி அலையான அயனி ஒலியலையோடு சேர்ந்தாலோ, அயனி ஒலியலையாகவும் ரேடியோ அலையாகவும் சிதைந்தாலோ, பிளாஸ்மா அதிர்வெண்ணுக்கு, அதாவது அங்குள்ள எலெக்ட்ரான்கள் இயல்பாக ஊசலாடும் அதிர்வெண்ணுக்கு, அருகில் ரேடியோ அலை பிறக்கும். இரண்டு லாங்மியூர் அலைகள் இணைந்தால் அதன் இருமடங்கு அதிர்வெண்ணில் பிறக்கும். ஆனால் எல்லா ஜோடி அலைகளும் இப்படி இணைந்துவிட முடியாது. பிறக்கும் ரேடியோ அலையின் உந்தம் மிகச் சிறியதாகையால், இணையும் இரண்டும் ஏறத்தாழ நேரெதிராக வந்து தம் உந்தத்தைக் கழித்துக்கொண்டாக வேண்டும். கற்றை வளர்க்கும் அலைகளோ முன்னோக்கியே செல்பவை! அவற்றுள் சில அயனி ஒலியலைகளை உண்டாக்கிவிட்டுப் பின்னோக்கித் திரும்பும்போதுதான் எதிரே வரும் துணை கிடைக்கிறது.

இதன் அடிப்படையை 1958-இல் சோவியத் இயற்பியலாளர்கள் கின்ஸ்பர்க்கும் செலஸ்னியாகோவும் வகுத்தனர். பின்னால் வந்தவர்கள் நிறையவே திருத்தினார்கள். 1970-களில் சூரியனை நெருங்கிச் சென்ற ஹீலியோஸ் விண்கலங்கள் இத்தகைய வெடிப்பு பிறக்கும் பகுதிக்குள்ளேயே லாங்மியூர் அலைகளை அளந்துவிட்டதால், இது வெறும் காகிதக் கணக்கு என்றும் தள்ளிவிட முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிளாஸ்மா அதிர்வெண்ணை எலெக்ட்ரான் அடர்த்தி தீர்மானிக்கிறது: ஒரு கன சென்டிமீட்டரில் 10 கோடி எலெக்ட்ரான்கள் இருந்தால் சுமார் 90 மெகாஹெர்ட்ஸ், பூமியருகே ஐந்தாறு மட்டுமே இருக்கையில் 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டி. கற்றை வெளியே செல்லச் செல்ல அடர்த்தி குறைவதால், வெடிப்பின் அதிர்வெண்ணும் சில நொடிகளிலேயே சரசரவென்று கீழே இறங்குகிறது. வெறும் வெப்பக் கதிர்வீச்சு எதற்காக இப்படி இறங்கி வரும் என்பதற்கு, கேள்வி கேட்ட நீங்கள்தான் பதில் எழுத வேண்டும்.