கிணற்று வாளியும் தும்புத்தடியும்: மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகான உடற்பயிற்சி, வாசகியர் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஒரே பயம் திரும்பத் திரும்ப வருகிறது: "கையை அசைத்தால் தையல் பிரிந்துவிடுமோ, கை வீங்கிவிடுமோ?" இங்குள்ள பதில்கள் மார்பகம் முழுவதையுமோ கட்டியை மட்டுமோ அகற்றியவர்களுக்கும், கமக்கட்டு நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கும் பொருந்தும். வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ தசை எடுத்து மார்பை மீளமைத்தவர்களுக்கு அட்டவணை வேறு. அவர்கள் தங்கள் சத்திரசிகிச்சை நிபுணரைக் கேட்காமல் இவற்றைத் தொடங்கக்கூடாது.

ஒப்பரேஷன் முடிந்து ஐந்து நாள். காயத்து நீர் வடியும் குழாய் இன்னும் எடுக்கவில்லை. மாமி கையைத் தலையணையில் வைத்து அசையாமல் படு என்கிறா. டொக்டர் அசைக்கச் சொன்னார். யார் சொல்வது சரி? (கல்முனை)

டொக்டர் சொல்வதுதான். மாமியின் அக்கறையில் குறையில்லை. ஆனால் மூன்று வாரம் அசையாமல் கிடக்கும் தோள்மூட்டு இறுகிவிடும். பிறகு அதை இளக்குவதற்கு மாதக்கணக்கில் பாடுபட வேண்டும்.

குழாய் இருக்கும்வரை ஒரு எல்லை உண்டு: முழங்கை தோள்மட்டத்துக்கு மேலே போகக்கூடாது. அதற்குள் செய்யக்கூடியவை நிறைய. கையை இதயத்தைவிட உயரமாகத் தலையணையில் வைத்து, விரல்களை இறுக்க மூடி விரியுங்கள், 15 முதல் 25 தடவை. முழங்கையை மடக்கி நீட்டுங்கள். கதிரையில் நிமிர்ந்து இருந்து இரண்டு தோளையும் காதை நோக்கி உயர்த்தி இறக்குங்கள், பிறகு பின்பக்கமாகச் சுழற்றுங்கள், ஐந்தாறு தடவை. ஆழமாக மூச்சிழுத்து மெதுவாக விடுங்கள். இவ்வளவும் பத்து நிமிடத்துக்குள் முடியும். நாளுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். சத்திரசிகிச்சை செய்த பக்கக் கையாலேயே முகம் கழுவுங்கள், தலை சீவுங்கள், பிட்டைக் குழைத்துச் சாப்பிடுங்கள். சீவும்போது கை தலைக்குப் போக வேண்டும், தலை கைக்கு வரக்கூடாது. கழுத்தைச் சரித்தால் தோள் வேலை செய்யாது.

குழாய்ப் போத்தலை ஒரு சீலைப் பைக்குள் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டால் இழுபடாது. பயிற்சிக்குப் பிறகு வடியும் நீர் திடீரென்று கூடினால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் பாதியளவு செய்யுங்கள். காயம் சிவந்து சுட்டாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ பயிற்சி வேண்டாம், வாட்டுக்குத் திரும்பப் போங்கள்.

குழாய் எடுத்தாயிற்று. சுவரில் விரலை ஏற்றும் பயிற்சி சொல்லித் தந்தார்கள். ஒரு வாரத்தில் உச்சிவரை ஏறிவிட்டது. ஆனால் சட்டை போட இன்னும் கை உயரவில்லை. ஏன்? (களுவாஞ்சிக்குடி)

சுவரில் ஏறியது உங்கள் உடம்பு, கை அல்ல. இதுதான் இந்தப் பயிற்சியில் அதிகம் நடக்கும் பிழை. விரல்கள் மேலே போகப்போகத் தோள் காதோடு ஒட்டும், இடுப்பு மறுபக்கம் சரியும், கடைசியில் குதிக்காலும் எழும்பும். சுவரில் நான்கு அங்குலம் கூடியிருக்கும், மூட்டில் ஒன்றும் கூடியிராது.

திரும்பச் செய்து பாருங்கள். சுவரைப் பார்த்து ஒரு அடி தள்ளி நில்லுங்கள். தோளைக் கீழே இறக்கி வையுங்கள். இரண்டு கையையும் ஒன்றாக ஏற்றுங்கள், நல்ல கை மற்றதற்கு அளவுகோல். தோள் எழும்பத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, பென்சிலால் கோடு போடுங்கள். அதுதான் உங்கள் உண்மையான உயரம். ஐந்து எண்ணும்வரை பிடித்து, விரலால் நடந்தே இறங்குங்கள். கையைத் தொப்பென்று விழ விடக்கூடாது. ஐந்து முதல் ஏழு தடவை.

படுத்துக்கொண்டு செய்தால் இந்தக் கள்ளத்தனம் நடக்காது. பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தும்புத்தடியின் கம்பை இரண்டு கையாலும் தோள் அகலத்தில் பிடித்து, நல்ல கையின் பலத்தால் தலைக்கு மேலே கொண்டுபோங்கள். இழுவை தெரிய வேண்டும், கண்ணில் தண்ணீர் வரக்கூடாது. வலி மாத்திரை தந்திருந்தால் அரை மணித்தியாலம் முன்னதாகப் போட்டுவிட்டுச் செய்யலாம்.

கதிர்வீச்சு தொடங்கினாலும் இந்த இரண்டையும் நிறுத்த வேண்டாம். அது முடிந்து மாதங்கள் சென்ற பிறகும் தசையும் தோலும் இறுகிக்கொண்டே போகலாம். கதிர் பட்ட தோல் உரிந்து ஈரமாக இருக்கும் நாட்களில் மட்டும் இழுவையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கிழமை. கையை நீட்டினால் கமக்கட்டிலிருந்து முழங்கைவரை கயிறு போல ஒன்று தோலுக்குக் கீழே எழும்புகிறது. நரம்பு சுருண்டுவிட்டது, எண்ணெய் போட்டு உருவ வேண்டும் என்று அயலில் சொல்கிறார்கள். (வாழைச்சேனை)

அது நரம்பு அல்ல. கமக்கட்டுக் கணுக்களை எடுத்த பிறகு, நிணநீர்க் குழாய்களும் அவற்றைச் சுற்றிய இழையமும் இறுகுவதால் வருவது. சிலருக்குப் பெருவிரலின் அடிவரைகூட ஓடும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆபத்தில்லை. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் போய்விடும்.

மல்லாந்து படுத்து, கையைப் பக்கவாட்டில் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டுங்கள். முழங்கையை நிமிர்த்துங்கள். கட்டிலோடு ஒட்டியபடியே கையை மெதுவாகத் தலைப்பக்கம் நகர்த்தி, கயிறு விறைக்கும் இடத்தில் நிறுத்தி ஐந்தாறு மூச்சு விடுங்கள். பழகியதும் அதே இடத்தில் மணிக்கட்டையும் பின்னால் மடக்கினால் இழுவை கூடும். நாளுக்கு மூன்று முறை, முறைக்கு ஐந்து தடவை. வலிக்கிறது என்று முழங்கையை மடக்கியே வைத்திருந்தால் அந்த நிலையிலேயே இறுகிவிடும். பலமாக உருவுவதும் அறுக்கப் பார்ப்பதும் கூடாது. இரண்டு கிழமையில் இளகாவிட்டால் பிசியோதெரபி பிரிவுக்குப் போங்கள், கையால் இளக்கும் முறை அவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் கிணறுதான். ஒப்பரேஷன் நடந்து இரண்டு மாதம். இனிப் பாரம் தூக்கவே கூடாது என்கிறார்கள். தேங்காய் துருவுவது, இடியப்பம் பிழிவதுகூடவா? வேலை செய்ய வேறு ஆளில்லை. (கொக்கட்டிச்சோலை)

"இனித் தூக்கவே கூடாது" என்பது பழைய அறிவுரை. நிணநீர் வீக்கத்துக்கு, அதாவது கணுக்களை எடுத்த பிறகு நிணநீர் வடியாமல் தேங்கிக் கை வீங்குவதற்குப் பயந்து அப்படிச் சொல்லி வந்தார்கள். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களில் ஒரு பகுதியினர் வாரம் இரண்டு முறை, மிகக் குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாகத் தூக்கினார்கள். ஒரு வருடத்தின் பின் அவர்களுடைய வீக்கம் கூடவில்லை. கை பலம் கூடியது. ஆனால் பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்க, கை முழுவதையும் இறுக்கிப் பிடிக்கும் உறை போட்டுக்கொண்டு, அணு அணுவாகக் கூட்டியவர்கள் அவர்கள். எடுத்தவுடன் வாளியைத் தூக்கியவர்கள் அல்ல.

முதல் ஆறு வாரம் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். அது உங்களுக்குக் கடந்துவிட்டது. இப்போது அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுங்கள், அது அரைக் கிலோ. முழங்கையை மடக்கி உயர்த்துவது பத்துத் தடவை. பக்கவாட்டில் தோள்மட்டம்வரை உயர்த்துவது பத்து. முன்னுக்குக் குனிந்து, மற்றக் கையைக் கதிரையில் ஊன்றி, போத்தலை இடுப்புக்கு இழுப்பது பத்து. கொஞ்சம் ஆறி, இன்னொரு சுற்று. வாரத்துக்கு இரண்டு நாள் போதும், இடையில் இரண்டு நாளாவது விடுங்கள். அடுத்தடுத்த இரண்டு தடவையும் லேசாக இருந்து, கை பாரமாகவோ இறுக்கமாகவோ தெரியாவிட்டால் மட்டும் கூட்டுங்கள். போத்தலில் தண்ணீருக்குப் பதில் காய்ந்த மணல் போட்டால் முக்கால் கிலோவை எட்டும். பிறகு ஒரு லீற்றர். ஒரு கிழமை விட்டுப்போனால் ஒரு படி இறங்கித் தொடங்குங்கள். காய்ச்சலில் படுத்து எழும்பியவுடன் பழைய எடையைத் தூக்க வேண்டாம்.

இனிக் கிணறு. நிறைந்த பத்து லீற்றர் வாளி பத்துக் கிலோ. வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை பாரம் தெரியாது, நீர்மட்டத்தை விட்டு எழும்பும் கணத்தில் முழுப் பாரமும் ஒரே வெட்டாகக் கையில் விழும். தோளைக் கெடுப்பது அந்த வெட்டுத்தான். ஆகவே மூன்று லீற்றர் பிடிக்கும் சின்ன வாளியாக மாற்றுங்கள். தண்ணீரை விட்டு எழும்பும் இடத்தில் ஒரு நொடி நிதானியுங்கள். கிணற்றுக் கட்டின் மேலே குனிந்து நின்று இழுப்பதைவிடக் கப்பி போட்டுக் கீழே இழுப்பது தோளுக்கு எவ்வளவோ மேல், உடம்பின் பாரமும் உதவும். கயிறு உள்ளங்கையைத் தேய்க்காமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். சின்ன உராய்வுக்குள் கிருமி புகுந்து கை சிவந்து வீங்கினால், பாரம் தூக்கியதால் வரும் வீக்கத்தைவிட அது மோசம்.

திருவலையில் அரை மூடி துருவிப் பாருங்கள், மறுநாள் கை எப்படி இருக்கிறது என்று பார்த்து முழு மூடிக்குப் போகலாம். இடியப்ப உரல் அமுக்குவது நேரே நெஞ்சுத் தசைக்கு வேலை. மாவைச் சுடுநீரில் இளக்கமாகக் குழைத்து, பாதி உரல் மா போட்டு அமுக்குங்கள். உலக்கை இப்போதைக்கு வேண்டாம்.

கை வீங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (சம்மாந்துறை)

தையல் நாடாவால் அளந்து. முழங்கை மடிப்பிலிருந்து மேலே 10 சென்ரிமீற்றர், கீழே 10 சென்ரிமீற்றர், மணிக்கட்டு என மூன்று இடம், இரண்டு கையும். மாதம் ஒருமுறை, அதே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதுங்கள். முன்னைய கணக்கைவிட வித்தியாசம் 2 சென்ரிமீற்றர் கூடினால் கிளினிக்கில் காட்டுங்கள். அளவு மாறும் முன்பே காப்பு இறுகும், சட்டைக் கை பிடிக்கும், கை பாரமாக இருக்கும். அந்த நேரமே காட்டுவது நல்லது.

கீமோ ஏற்றுகிறார்கள். களைப்பு தாங்க முடியவில்லை. இதில் நடக்கச் சொல்கிறார்களே? கல்லடிக் கடற்கரை பக்கத்தில்தான், அங்கே நடக்கலாமா? (கல்லடி)

இந்தக் களைப்பு படுத்தால் தீராதது. எவ்வளவு படுக்கிறோமோ அவ்வளவு தசை கரைந்து, அடுத்த நாள் குசினிக்குப் போவதே மலையாகத் தெரியும். 2019இல் வெளியான சர்வதேசப் பரிந்துரை, வாரம் மூன்று நாள் அரை மணித்தியால மிதமான நடையும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் செய்தால் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் களைப்பும் மனப்பதற்றமும் குறையும் என்கிறது. மிதமான நடை என்றால் நடந்துகொண்டே பேசலாம், பாட முடியாது. அந்த வேகம்.

உங்கள் தொடக்கம் பத்து நிமிடம், காலையும் மாலையும். மருந்து ஏற்றிய முதல் மூன்று நான்கு நாள் முற்றத்தில் ஐந்து நிமிடம் நடந்தாலும் போதும். காலை ஏழுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின். கச்சான் வீசும் மாதங்களில் மாலை வெக்கை நெடுநேரம் இருக்கும், அப்போது காலை மட்டும் நடந்தால் போதும்.

கடற்கரை அழகுதான், ஆனால் கேள்வி உங்கள் பாதத்தைப் பற்றியது. பக்லிரக்சல் போன்ற மருந்துகளால் கால்விரல் விறைத்திருந்தால் கால் புதையும் மணலில் அடி எங்கே படுகிறது என்று தெரியாது, சிப்பி வெட்டினாலும் உறைக்காது. பின்பக்கம் வார் உள்ள செருப்போடு தார் வீதியோரத்தில் நடப்பது பாதுகாப்பு. விறைப்பு இல்லாதவர்கள் ஈரமான இறுகிய மணலில் நடக்கலாம்.

காய்ச்சல் 38 பாகைக்கு ஏறினால் நடையைப் பற்றி யோசிக்க வேண்டாம், பனடோல் போட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். இரத்தத்தில் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அது அவசர நிலை, நேரே வைத்தியசாலை. வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குதல் இருந்தாலும் அப்படித்தான். ஹீமோகுளோபின் 8க்குக் கீழே என்றால் டொக்டரைக் கேட்ட பிறகே நடை.

தொழுகையில் சுஜூது செய்யும்போது (நெற்றி நிலத்தில் படக் குனியும்போது) கையை ஊன்ற முடியவில்லை. (அக்கரைப்பற்று)

முதல் நான்கு முதல் ஆறு வாரம் உடம்புப் பாரத்தைக் கையில் போட வேண்டாம், கதிரையில் இருந்தே தொழுங்கள். பிறகு சுவரில் உள்ளங்கைகளை வைத்துச் சாய்ந்து நிமிர்வதில் தொடங்கி, மேசை விளிம்பு, கட்டில் விளிம்பு என்று உயரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கட்டில் விளிம்பில் பத்துத் தடவை வலியில்லாமல் வந்தால் தரைக்கு இறங்கலாம். ஐவேளைத் தொழுகைக்கு முன்னும் தோள் பயிற்சியை வைத்துக்கொண்டால் மறக்கவே மறக்காது. கடிகாரத்தில் அலாரம் வைப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

லெட்ரோசோல் குடிக்கத் தொடங்கியதிலிருந்து விடிய எழும்பினால் முழங்காலும் விரலும் பூட்டிக்கொள்கின்றன. மாத்திரையை விடலாமா? (ஏறாவூர்)

நீங்களாக விடக்கூடாது. நோய் திரும்பாமல் காப்பது அதுதான். மூட்டு நோவு அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு, நடையும் தசைப் பயிற்சியும் அதைக் குறைக்கும். எழும்பியதும் இளஞ்சூட்டு நீரில் கையை வைத்து விரல்களை மூடி விரியுங்கள். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது எட்டுத் தடவை, இரண்டு சுற்று. இந்தப் பயிற்சி எலும்புக்கும் நல்லது. நோய் திரும்பாமல் இருக்கத் தரும் இன்னொரு மாத்திரையான தமொக்சிபென் குடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக நொந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். நடந்து சரிக்கட்டப் பார்க்காமல் அன்றே காட்டுங்கள்.

சிகிச்சை முடிந்து எட்டு மாதம். நேர்த்தி இருக்கிறது. கதிர்காமப் பாதயாத்திரை போகலாமா? (திருக்கோவில்)

நான்கைந்து மாதம் பயிற்சி எடுத்தால் யோசிக்கலாம். நாளுக்கு அரை மணித்தியாலத்தில் தொடங்கி, கிழமைக்கு ஐந்து பத்து நிமிடமாகக் கூட்டி, அடுத்தடுத்த இரண்டு நாள் மூன்று மணித்தியாலம் நடந்தும் மூன்றாம் நாள் எழும்ப முடிகிறதா என்று பாருங்கள். பையைச் சத்திரசிகிச்சை செய்த பக்கத் தோளில் மாட்டாதீர்கள், இடுப்பில் கட்டுங்கள். கை தொங்கியே நடந்தால் விரல் வீங்கும். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையை உயர்த்தி இருபது தடவை மூடி விரியுங்கள்.

எங்கள் யோசனை: உகந்தை முருகன் கோவில் வரைக்கும் நடவுங்கள். அதற்கப்பால் குமண, யால காடு. முள் குத்தி, பூச்சி கடித்து, கை சிவந்து காய்ச்சல் வந்தால் நுண்ணுயிர்க்கொல்லி அன்றே வேண்டும், அது அங்கே கிடைக்காது. மீதி வழிக்கு முருகன் பஸ்ஸை மறுக்கமாட்டார்.

நோய் முள்ளந்தண்டுக்குப் பரவியிருக்கிறது. இனிப் படுக்கைதானா? (பொத்துவில்)

இல்லை. ஆனால் எந்த எலும்பில், எவ்வளவு என்று ஸ்கான் அறிக்கையைக் காட்டி டொக்டரிடம் தெரிந்த பிறகே தொடங்க வேண்டும். சமதரையில் நடப்பதும், கதிரையில் இருந்து காலை நீட்டி மடக்குவதும் பெரும்பாலும் பாதுகாப்பானவை. முன்னுக்கு வளைவது, நாரியை முறுக்குவது, பாரம் தூக்குவது, குதிப்பது கூடாது. நிலத்தில் குந்தியிருந்து கூட்டுவதை விட்டு நீளத் தும்புத்தடி வாங்குங்கள். இரவில் கூடும் புதிய முதுகுவலி, கால் பலமிழப்பு, சலம் போக முடியாமை, தொடையிடுக்கு விறைப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை பார்த்திருக்காதீர்கள்.

ஸ்கூட்டி எப்போது ஓடலாம்? (காத்தான்குடி)

நான்கு முதல் ஆறு வாரத்தின் பின். அதற்கு முன் முற்றத்தில் என்ஜினைப் போடாமலே பாருங்கள்: இரண்டு பிரேக்கையும் சட்டென்று பிடிக்க முடிகிறதா, ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது கமக்கட்டு இழுக்கிறதா, நடு ஸ்டாண்டில் ஏற்ற முடிகிறதா? மூன்றாவது முடியாவிட்டால் பக்க ஸ்டாண்டைப் பாவியுங்கள். முதல் இரண்டும் முடியாவிட்டால் இன்னும் ஒரு கிழமை ஓட்டோவில் போங்கள்.