பொன்மொழி வியாபாரம்

கேள்வி: "காலம் பறக்கிறது", "காதல் எல்லாவற்றையும் வெல்லும்", "துணிந்தவனுக்கே விதி கைகொடுக்கும்" என்றெல்லாம் சொன்ன ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் பொன்மொழிகளில் உங்களைக் கவர்ந்தது எது?

பதில்: பொன்மொழி என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும். பலமுறை புலம்பியதுதான், மறுபடியும் புலம்புகிறேன். கவிதையிலிருந்து ஒரு வரியைப் பிய்த்து, பின்னால் சூரிய உதயம் போட்டு அனுப்புகிறவர்கள் அதற்கு முந்தைய வரியைப் படிப்பதே இல்லை.

"காலம் பறக்கிறது" வருவது விவசாயம் பற்றிய 'ஜார்ஜிக்ஸ்' மூன்றாம் பாகத்தில், கால்நடை வளர்ப்புக்கு நடுவே. வசந்தம் வந்தால் பெண் குதிரைகள் பாறை உச்சியில் ஏறி, மேற்குக் காற்றைப் பார்த்து நின்று, ஆண் குதிரையே இல்லாமல் காற்றிலேயே சினைபிடிக்குமாம். 'சொல்லவே அதிசயம்' என்று ஒரு ஒட்டு வேறு. கொஞ்ச நேரம் இப்படியே போய்விட்டு, அடடா, நேரம் ஓடுகிறதே, போனால் வராதே, மாடு குதிரை போதும், செம்மறியும் வெள்ளாடும் பாக்கி இருக்கின்றனவே என்கிறார். பத்திரிகைக்காரனான எனக்கு இது பக்கம் தீர்ந்துபோன எழுத்தாளரின் பதற்றமாகத்தான் கேட்கிறது. அதுவும் 2,000 சொச்சம் வரிகளுக்கு ஏழு வருடம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் மனிதர்! நம் தொடர்கதை எழுத்தாளர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்பட வேண்டாம்.

காதல் வரியைச் சொல்கிறவன் காலஸ் என்ற கவிஞன், மேய்ப்பர் பாடல்களான 'எக்ளாக்ஸ்' தொகுப்பின் கடைசிப் பாடலில். காதலி லைக்கோரிஸ் வேறொருவனோடு ஆல்ப்ஸ் பனிக்குப் போய்விட்டாள். பனிக்கட்டி அவள் பாதத்தைக் கீறிவிடுமோ என்று இவன் இங்கே தவிக்கிறான். 'நாமும் அதற்குப் பணிவோம்' என்பது மிச்ச வரி. இதைத்தான் மோதிரத்தில் பொறித்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

துணிந்தவன் கதை இன்னும் மோசம். வெர்ஜிலின் காவியமான 'ஈனியட்'டில் அதைச் சொல்லும் டர்னஸ், கதாநாயகனின் எதிரி, காவியம் முடியும்போது செத்துக் கிடக்கிறான். அந்த வரியே பாதியில் நிற்கிறது. காவியத்தைச் செப்பனிட்டு முடிக்காமலே, அதை எரித்துவிடச் சொல்லிவிட்டு கி.மு. 19-இல் வெர்ஜில் கண்ணை மூட, ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நியூயார்க் 9/11 நினைவு அருங்காட்சியகச் சுவரில், இடிந்த கோபுரங்களின் இரும்பில் அடித்துச் செய்த எழுத்துகளில், 'காலத்தின் நினைவிலிருந்து எந்த நாளும் உங்களை அழிக்காது' என்ற வரி இருந்திருக்காது. காவியத்தில் அது, தூங்கிக்கொண்டிருந்த எதிரிகளை இருட்டில் புகுந்து வெட்டிவிட்டு, கொள்ளையடித்த தலைக்கவசம் மின்னியதால் மாட்டிக்கொண்டு செத்த இரண்டு இளைஞர்களுக்காக எழுதியது.

கவர்ந்தது எது என்றுதானே கேட்டீர்கள்? அந்தக் குதிரைகள்.